திங்கட்கிழமை முதல் பாடவேளையில் புதுப் பாடம் வேண்டாம்

பி.எட். இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சி எனக்கு 2023 ஆகஸ்டில் தொடங்கியது. கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டிய அன்று, என் பெயருக்கு நேரே வட சென்னையில், தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். சென்னைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. விடுதியில் யாரிடம் சொன்னாலும் முதலில் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு "நகை எதுவும் போட்டுக்கொண்டு போகாதே" என்றார்கள், "மாலை ஐந்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடு" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தண்டையார்பேட்டையில் கால் வைத்ததில்லை.

இன்று நானும் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆண்டுதோறும் பயிற்சி ஆசிரியர்கள் எங்கள் பள்ளிக்கும் வருகிறார்கள். கையில் சார்ட் சுருள், பையில் பதிவேடுகள், முகத்தில் அன்று எனக்கிருந்த அதே கலக்கம். எத்தனை பாடக்குறிப்பு எழுத வேண்டும், எந்த மையில் எழுத வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: இந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், என்ன வேலையை முடித்துவிட்டு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதல் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துகொள்ளுங்கள். பாடம் எப்படி நடத்துவது என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. என் வழிகாட்டி ஆசிரியை பழைய ஓராண்டுப் படிப்புக் காலத்தவர். "நாங்கள் நாற்பது நாள் வந்தோம், போனோம். பிள்ளைகளின் பெயர் மனத்தில் நிற்கும் முன்பே முடிந்துவிட்டது. உனக்கு அந்தச் சாக்கு கிடையாது" என்று முதல் நாளே சொன்னார். பதினாறு வாரம் என்பது ஏறத்தாழ எண்பது வேலை நாள். காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் அதற்குள் வந்துவிடும். பிள்ளைகள் உங்களைத் தங்கள் ஆசிரியராக எண்ணத் தொடங்குவதற்கு அது போதுமான காலம்.

பள்ளிக்குள் நுழையும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கல்லூரியின் கடிதம், கல்வி அலுவலக அனுமதிக் கடிதம் இரண்டுக்கும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, உங்கள் பையில் எப்போதும் ஒன்று. கிளம்பும் முன் சேர வேண்டிய தேதியை ஒரு முறைக்கு இருமுறை பாருங்கள். பள்ளி தொடங்கும் நாளுக்கு முன்பே ஒரு வேலை நாளில், அதே காலை நேரத்தில், ஒரு முறை போய்வாருங்கள். வட சென்னையில் இது கட்டாயம் என்றே சொல்வேன்.

காரணம் சாலைதான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்ட பிறகு தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் ரயிலில் சிறிது நேரத் தொலைவுதான். ஆனால் தினமும் மெட்ரோவில் போக ஒரு மாணவியின் கைச்செலவுக் காசு தாங்காது. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பதால் நான் பஸ்ஸில்தான் போனேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு மேல் பஸ் நகராது. கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. கொருக்குப்பேட்டை வழியாக வந்தால் ரயில்வே கேட். சரக்கு ரயில் ஒன்று நின்றுவிட்டால் அதோடு நாமும் நிற்க வேண்டியதுதான். முதல் வாரத்தில் இரண்டு நாள் காலை வழிபாடு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். தலைமை ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். மூன்றாம் வாரத்திலிருந்து ஏழு மணிக்கே கிளம்பினேன். ஏழே முக்காலுக்குப் பள்ளி வாசலில் இருப்பேன்.

சீக்கிரம் போனதால் கிடைத்தவை பல. ஆயா ஒருவர் வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். எந்தப் பிள்ளையின் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார், எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் நான்கு பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் தாமதமாக வருவதை நான் என் குறிப்பேட்டில் ஒழுங்கின்மை என்று எழுதியிருந்தேன். "அன்றைக்குத்தான் அவர்கள் தெருவுக்கு லாரி வரும், கண்ணு. அம்மா வேலைக்குப் போய்விட்டால் குடம் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்?" என்று ஆயா கேட்டார். அன்று மாலையே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, செவ்வாய், வெள்ளி இரு நாளும் முதல் பத்து நிமிடத்தை முந்தைய பாடத்தின் மீள்பார்வைக்கு ஒதுக்கினேன். அந்த நான்கு பேரும் பிறகு எதையும் தவறவிடவில்லை. பள்ளியில் உங்களுக்கு இரண்டு வழிகாட்டிகள் உண்டு. ஒருவர் பெயர் ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும். மற்றவரை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை விஷயத்தையும் இப்படித்தான் கற்றேன். காசிமேட்டு மீன் சந்தை ஞாயிற்றுக்கிழமையில்தான் நிரம்பி வழியும். விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். எங்கள் பள்ளியின் பெரிய பையன்கள் சிலர் அப்பாவுக்கோ மாமாவுக்கோ உதவியாகக் கூடை தூக்க, ஐஸ் உடைக்கப் போவார்கள். இரவெல்லாம் விழித்த உடம்பு ஞாயிறு பகலிலும் சரியாகத் தூங்குவதில்லை. திங்கள் காலை முதல் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினான். நான் பெயர் சொல்லி எழுப்பி நிற்க வைத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. நின்றுகொண்டே கண்ணை மூடினான். வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியை என்னை வராந்தாவுக்கு அழைத்தார். "திங்கட்கிழமை முதல் பாடவேளையில் புதுப் பாடம் எடுக்காதே அம்மா. போன வாரக் கணக்கைக் குழுவாகப் போடச் சொல். அவனைக் கரும்பலகைப் பக்கம் வரச் சொல்லி நடக்க விடு. புதுப் பாடத்தைச் செவ்வாய்க்கு வை" என்றார். கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் பழகியபோது எங்கள் முன்னால் உட்கார்ந்து மாணவர்களாக நடித்தவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்த எங்கள் வகுப்புத் தோழிகள். அங்கே இதைக் கற்க வழியே இல்லை.

ஆறாம் வகுப்பில் வேறொரு பிரச்சினை. அந்த ஆகஸ்டு 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் பள்ளியிலேயே உணவு. ஆறாம் வகுப்புக்குக் கிடையாது. தம்பியும் தங்கையும் பள்ளியில் சாப்பிடுகிறார்கள் என்று அம்மா நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிட, பதினொரு வயதுப் பிள்ளை வெறும் வயிற்றோடு ஆறாம் வகுப்புக்கு வரும். இரண்டாம் பாடவேளையில் வாய்ப்பாடு கேட்டால் கண்கள் ஜன்னலுக்குப் போய்விடும். பயிற்சி ஆசிரியரால் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள முடியும். மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் தேர்வு வைக்காமல் இருக்க முடியும். வகுப்பாசிரியரிடம் பெயரைச் சொல்ல முடியும். நான் சொன்ன இரண்டு பிள்ளைகளுக்கு அவர் தன் செலவில் பிஸ்கட் வாங்கி வைத்தார், யாரும் பார்க்காத இடத்தில் கொடுத்தார். இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் போகும் வழியில் உள்ள தியாகராயா கல்லூரியின் பெயருக்குரிய சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கு முன்பே இந்த ஊர் அறிந்த செய்தி இது: பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

இனி, என் பயிற்சியில் நான் மிகவும் நினைத்துப் பார்க்கும் வகுப்பைப் பற்றி. எட்டாம் வகுப்பு, இலாபமும் நட்டமும். பாடக்குறிப்பு நன்றாக எழுதியிருந்தேன். ஆர்வமூட்டல், விளக்கம், வலுவூட்டல், மதிப்பீடு என எல்லாப் படிகளும் ஒழுங்காக இருந்தன. புத்தகங்களில் வரும் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் வேண்டாம், இந்த ஊருக்குப் பொருத்தமாக மீனையே எடுப்போம் என்று எண்ணியிருந்தேன். கரும்பலகையில் எழுதினேன்: ஒருவர் ஏலத்தில் 1,000 ரூபாய்க்கு ஒரு கூறு சங்கரா மீன் வாங்கி 1,500 ரூபாய்க்கு விற்கிறார். இலாபம் எவ்வளவு? 500 ரூபாய், 50 விழுக்காடு என்று வகுப்பே சொன்னது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் தலையை ஆட்டினாள். "அவ்வளவு வராது மிஸ்."

ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று விரல் விட்டுச் சொன்னாள். ஐஸுக்கு 50. மீன் ஆய்ந்து கொடுப்பவருக்கு 50. கூடையோடு ஆட்டோவில் சந்தைக்கு வர 100. "ஆயிரம் போட்டால் ஆயிரமா மிஸ் ஆகும்? ஆயிரத்து இருநூறு ஆகும்." அவள் சொன்னபடியே எழுதினேன். அடக்க விலை 1,200. இலாபம் 300. விழுக்காடு 25. ஐம்பது இருபத்தைந்தாகிவிட்டது. மேற்செலவு என்று நான் அடுத்த வாரம் நடத்த வைத்திருந்த பாடத்தை அவள் அரை நிமிடத்தில் நடத்தி முடித்தாள். எந்தத் தொகையின் மேல் விழுக்காடு கணக்கிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அன்று வகுப்பில் இருந்த நாற்பது பேருக்கும் விளங்கியது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். உற்சாகத்தில் நான் இன்னும் கேட்டேன்: "வேறு என்ன செலவு வரும்?" அவள் அதே குரலில் "தண்டல் காசு" என்றாள். வட்டிக்கு வாங்கி நாள்தோறும் கட்டும் கடன் அது. பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாடவேளை முடியும் வரை அவள் தலை நிமிரவில்லை.

வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாடத்தைப் பாராட்டித்தான் தொடங்கினார். பிறகு சொன்னார்: "ஊரை வகுப்புக்குள் கொண்டு வா, நல்லது. வீட்டைக் கொண்டு வராதே. மீன் விற்பவர் ஒருவர் என்று சொன்னாய் பார், அது சரி. அவளையே பேச வைத்து அவள் வீட்டுச் செலவை அவிழ்க்க வைத்தாய், அது சரியில்லை. கடன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது நாற்பது பேர் முன்னால் கரும்பலகையில் ஏற வேண்டிய விஷயமா?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளின் வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்று எங்களுக்கு எல்லாத் தாளிலும் சொல்லித் தருகிறார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர் ஒருவர்தான். அதன் பிறகு எடுத்துக்காட்டு தேடும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: இது தெருவில் எல்லாரும் பார்க்கும் பொருளா, இல்லை ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருப்பதா என்று பார்ப்பேன். முதல் வகை என்றால் தாராளமாக எடுப்பேன்.

கன்டெய்னர் அந்த முதல் வகை. ஒன்பதாம் வகுப்பு அளவியலில் கனச்செவ்வகத்துக்கு முன்பெல்லாம் அட்டைப்பெட்டி கொண்டுபோவார்கள். நான் எதையும் கொண்டுபோகவில்லை. இருபது அடிப் பெட்டியின் நீளம் 20 அடி, அகலம் 8, உயரம் எட்டரை. கனஅளவு என்ன என்று கேட்டேன். 1,360 கன அடி என்று பெருக்கிச் சொன்னார்கள். ஒரு பையன் விடவில்லை. "மிஸ், நாற்பது அடிப் பெட்டியில் ஒன்பதரை அடி உயரமும் இருக்கிறது. எங்கள் சித்தப்பா ஓட்டுகிறார்." சரி, அதையும் போடு என்றேன். 3,040. இன்னொருவன், நாம் எடுத்தது வெளி அளவு, உள்ளே இரும்பின் கனம் போக இடம் குறையும் என்றான். அங்கிருந்து வெளி அளவு, உள் அளவு, பரப்பு, வண்ணம் பூசக் கணக்கு என்று அவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள். நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கும் சார்ட்டும் தெர்மாகோல் மாதிரியும் பதிவேட்டுக்கு வேண்டியிருக்கலாம், செய்யுங்கள். ஆனால் ஒரு நாள் மாலை பள்ளியைச் சுற்றி அரை மணி நேரம் நடங்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் தள்ளுபடி இருக்கிறது, காசிமேட்டில் எடையும் விகிதமும் இருக்கின்றன, ரயில்வே பாதையில் இணைகோடுகள் இருக்கின்றன.

பிரம்பு பற்றி. இரண்டாம் வாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் அடங்காது, கையில் சும்மாவாவது வைத்துக்கொள்." வைத்துக்கொள்ளாதீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பயிற்சி ஆசிரியருக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. திட்டுவதும் அதில் அடங்கும். ஏரியாவைச் சொல்லித் திட்டுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. எனக்கு உதவியது ஓர் எளிய தாள். முதல் வாரம் உட்காரும் வரிசையை வரைந்து ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதி மேசையில் வைத்துக்கொண்டேன். பத்தாம் நாளில் மூன்று வகுப்புப் பெயர்களும் மனப்பாடம். "ஏய், நீ" என்று கூப்பிட்டபோது திரும்பாத பையன், பெயரும் தலைப்பெழுத்தும் சேர்த்துக் கூப்பிட்டவுடன் எழுந்து நின்றான்.

செல்பேசியைப் பையிலேயே வையுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து நிலைத்தகவலில் போடும் பயிற்சி ஆசிரியர்களை இப்போதும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பதிவேட்டுக்குப் படம் வேண்டுமென்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, முகம் தெரியாமல், செய்த பொருளை மட்டும் எடுங்கள். உங்கள் எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அவர்கள் எண்ணையும் வாங்காதீர்கள். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வந்தால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். குறுக்கிடாமல் கேளுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், உடனே தலைமை ஆசிரியரிடம் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் பாடப் புத்தகத்தைப்போல உங்களுக்கு நினைவில் இருக்கட்டும்.

ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் உங்களை அனுப்புவார்கள். எனக்குச் சில நாள் ஆறு பாடவேளை வந்தது. என் பாடக்குறிப்பு எழுத நேரமில்லை என்று அழுகையே வந்தது. பிறகு பையில் கால் மணி நேரக் கணக்குப் புதிர்கள் இருபது எழுதி வைத்துக்கொண்டேன். அந்த மாற்று வகுப்புகளில்தான் தெலுங்கு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளையும், பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவனையும் பார்த்தேன். அவன் பதிலைத் தமிழில் சொல்லத் தயங்கி இந்தியில் முணுமுணுத்தான். எண்ணைப் பலகையில் எழுதச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தன.

ஒரு பிள்ளையைத் தொடர்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வை மற்றவர் பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். அது கடைக்காரர் எழுதித் தரும் பொருளாகவே சில இடங்களில் ஆகிவிட்டது. ஒரு பிள்ளையை எண்பது நாள் பார்ப்பதற்கு உங்களுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. பெயரையும் தெருவையும் மாற்றி எழுதுங்கள், பார்த்ததை மாற்றாதீர்கள்.

அக்டோபரில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பாடம் முடிந்து நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "எங்கள் ஏரியாவுக்கு வர முதலில் பயந்தீர்களா மிஸ்?" பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள்" என்றாள். கோபம் இல்லை குரலில், பழகிப்போன சலிப்பு. அந்தப் பதினாறு வாரத்தில் என் கைப்பையை யாரும் தொடவில்லை. மழை நாளில் பஸ் வராமல் நின்றபோது இட்லிக் கடை அக்கா ஒருவர் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே உட்கார வைத்துத் துண்டு கொடுத்தார். வரும் முன் நான் கேட்டுக்கொண்டு வந்த எச்சரிக்கைகளை அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகளே, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்தப் பயத்தை முகத்தில் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் போகாதீர்கள். பிள்ளைகள் அதை வாசித்துவிடுவார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வட சென்னை முழுகியது. ஒரு வாரம் பள்ளி திறக்கவில்லை, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. என் தோழிகள் இருவர் செப்டம்பரிலேயே ஊருக்குப் போக விடுப்பெடுத்துத் தீர்த்திருந்தார்கள். அவர்கள் குறைந்த நாட்களை ஈடுசெய்யப் பொங்கல் வரை வர வேண்டியதாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை விடுமுறை வரும் என்று எண்ணி, ஐந்தாறு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்த நாளில் பாதிப் பேர் புத்தகமில்லாமல் வந்தார்கள். சிலர் ஊறி உப்பிய புத்தகத்தை வெயிலில் காயவைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு நோட்டுகளை மட்டும் திருத்துவதற்காக வாங்கி மாடி அறை பீரோவில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கத் தாமதமாகிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அந்த நாற்பது நோட்டுகளில் ஒன்றுகூட நனையவில்லை. இருவர் இருவராக உட்கார வைத்து, மற்றப் பாட நோட்டு இழந்தவர்களுக்கு இருப்பவர்களிடமிருந்து எழுத வைத்தோம். மூன்று நாள் நான் பாடமே நடத்தவில்லை. மேற்பார்வைக்கு வந்த கல்லூரிப் பேராசிரியர் அன்றைய பாடக்குறிப்பைக் கேட்டார். வழிகாட்டி ஆசிரியை எனக்காகப் பதில் சொன்னார்.

விடைபெறும் வாரத்துக்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள். எடுத்த பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பயிற்சி ஆசிரியர் விட்ட இடம் எது என்று தெரியாமல் ஒரு பாடமே விடுபட்டுப்போன வகுப்புகள் உண்டு. வாங்கிய நோட்டு எல்லாவற்றையும் திருத்திக் கொடுங்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். நான் கொடுத்ததை அவர் தன் குறிப்பேட்டில் ஒட்டிக்கொண்டார். போகும் தேதியைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நாளை வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அவர்கள் மறப்பதில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், மாலை மணி அடிக்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. மாடி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து பதிவேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பின் அந்தப் பெண் வந்தாள். அந்த மீன் கணக்கு நாளுக்குப் பிறகு அவள் வகுப்பில் தானாகக் கை தூக்கியதில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பென்சிலால் எழுதியிருந்தது. பத்தாயிரம் தண்டல், கையில் வருவது 8,500, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். கீழே: வட்டி 1,500/10,000, 15 விழுக்காடு.

"சரியா மிஸ்?"

"அம்மா கையில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு அழிப்பானை எடுத்து, கீழே இருந்த 10,000த்தை அழித்துவிட்டு அங்கே 8,500 என்று எழுதினாள். மண்டியிட்டுத் தரையில் நோட்டை வைத்து வகுக்கத் தொடங்கினாள். பதினேழு வந்தது, மீதி வந்தது, புள்ளி வைத்தாள், ஆறு வந்தது. ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி இதைவிடவும் கூடுதல் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இருங்கள் மிஸ், இன்னும் மீதி இருக்கிறது" என்றாள்.